பொது அலமாரியில் இல்லாத படம்

1891-இல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்தவர் திரமென்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி அவர் ஒரு குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். குடிசை போட்டிருக்கிற மண்கூடச் சொந்தமில்லாமல் மிராசுதாரன் தயவில் கிடந்த வாழ்க்கை, கடனுக்குப் படியாளாகக் கட்டுண்ட குடும்பங்கள், தரிசு நிலம் கேட்டால் ஊர்க்காரன் குறுக்கே விழுந்து தடுக்கிற நடைமுறை எல்லாம் அரசாங்கத்தின் கண்ணுக்குக் காகிதத்தில் போயின. மறு ஆண்டு, 1892 செப்டம்பரில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

நிலம் என்ன ஆனது என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் கை மாறியது. காகிதம் மட்டும் மாறாமல் அரசாங்கக் கட்டுகளுக்குள் நூறு வருஷம் தூசியோடு கிடந்தது. தொண்ணூறுகளில் தலித் இயக்கங்கள் அந்தப் பழைய ஆணையைத் தேடி எடுத்து, படியெடுத்து, சேரி சேரியாகக் கொண்டுபோயின. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய சனங்கள் மேல் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

எவனோ ஒரு குமாஸ்தா கட்டிவைத்த காகிதக்கட்டு பேரன் பேத்தி காலத்தில் கைக்கு ஆயுதமாக வந்தது. பொது இடத்தில் ஒரு பிரதி இருந்ததால் இது நடந்தது. நான் இங்கே எழுதப் போவது நிலத்தைப் பற்றி இல்லை, சினிமாவைப் பற்றி. ஆனாலும் இந்தக் காகிதத்தை மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

*

நம்முடைய சரித்திரம் பெரும்பாலும் பிரதி கிடைத்த இடத்தில் பிழைத்தது, கிடைக்காத இடத்தில் செத்தது. செங்கல்பட்டுச் சீமையில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். நம் பெயரை நாமே அச்சில் போட்டுத் தலை நிமிர்ந்த இதழ். இன்று அதன் ஓர் இதழைக் கண்ணால் பார்ப்பதே அரிது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ அப்படிப் போகவில்லை. யார் யாரோ பாதுகாத்த இதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய எழுத்துகள் 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து புத்தகமாக வந்தன. அதற்குப் பிறகு தமிழக அறிவுலகம் பண்டிதரைப் பார்க்காத மாதிரி நடிக்க முடியவில்லை.

சினிமாவில் இந்தக் கதை இன்னும் கொடுமை. தமிழின் முதல் பேசும்படம் என்று கொண்டாடுகிற ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. அதன் சுருள் இன்று இல்லை. மலையாளத்தின் முதல் படமான ஜே.சி. டேனியலின் ‘விகதகுமார’னில் நாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி. தலித் பெண். அவர் நாயர் பெண்ணாகத் திரையில் வந்ததைப் பொறுக்காமல் ஆதிக்க சாதிக்காரர்கள் திருவனந்தபுரத்திலிருந்தே அவரை விரட்டினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, பேரை மறைத்து வாழ்ந்து முடிந்தார். அந்தப் படமும் இல்லை. கேரளத்தின் முதல் நாயகி திரையில் எப்படி நடந்தார், எப்படிச் சிரித்தார் என்று இன்று எந்த மாணவியும் பார்க்க முடியாது. படச்சுருள் நெருப்புக்கும் ஈரத்துக்கும் பயந்த பொருள். அதைப் பாதுகாக்க ஒரு காப்பகம் வேண்டும் என்று இந்திய அரசுக்குத் தோன்றி, புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியபோது வருஷம் 1964. அதற்குள் போனது போயாச்சு.

இப்போது நெருப்பும் ஈரமும் பிரச்சினை இல்லை என்கிறார்கள். படம் இணையத்தில் இருக்கிறது, பட்டனைத் தட்டினால் வருகிறது. உண்மைதான், வருகிறது. யாருக்கு வருகிறது, எத்தனை நாளைக்கு வருகிறது, எந்த வடிவத்தில் வருகிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

*

கொரோனா காலத்தில் திரையரங்குகள் முடங்கிக் கிடந்தபோது நம் வாழ்வைப் பேசிய சில முக்கியமான படங்கள் நேராக ஓடிடி நிறுவனங்களுக்குப் போயின. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலை 22-இல் அமேசான் பிரைமில் வந்தது. த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ அதே ஆண்டு நவம்பர் 2-இல் அதே நிறுவனத்தில் வந்தது. பெருமாள்முருகன் கதையை வைத்துத் தமிழ் இயக்கிய ‘சேத்துமான்’ 2022 மே மாதம் சோனி லிவ்வில் வந்தது. வடசென்னைக் குத்துச்சண்டைக்காரனும், லாக்கப்பில் கொல்லப்பட்டவனின் மனைவியும், பன்றிக்கறிக்குப் பின்னால் இருக்கிற சாதியும் தமிழ் சினிமாவுக்குள் வந்த காலம் அது. அந்தப் படங்கள் ஒரு நூலகம் விலை கொடுத்து வாங்கி, எண் போட்டு, அலமாரியில் வைக்கிற பொருளாக வரவில்லை. சந்தா கட்டுகிற தனி ஆளுக்கு, கட்டுகிற காலம் வரை, பார்க்கத் தருகிற அனுமதியாக வந்தன.

‘ஜெய் பீம்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 1993-இல் விருத்தாசலம் பக்கம் கம்மாபுரம் போலீஸ் காவலில் ராஜாகண்ணு கொல்லப்பட்ட வழக்கு அது. வழக்கறிஞராக இருந்து நடத்தியவர் பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு. செத்துப்போனவர் குறவர் சமூகம். படம் அவரை இருளராகக் காட்டியது. அப்படி மாற்றியது சரியா என்று அப்போதே கேள்வி எழுந்தது. வகுப்பறையில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டிய கேள்வி இது. 1911-க்குப் பிறகு குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் குறவர்களை என்ன செய்தது, இருளர்களைப் போலீஸ் ஏன் சுலபமாகப் பொய் வழக்கில் தள்ள முடிகிறது என்றெல்லாம் ஒரு ஆசிரியர் அங்கிருந்து விரித்துப் போகலாம்.

இந்தக் கேள்வி எங்கள் கடற்கரைக்குத் தூரத்துக் கேள்வி இல்லை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், கல்பாக்கம், பாலாறு கடலில் சேருகிற வாயலூர் வரைக்கும் இருளர் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. கால்வாயில் இறங்கி வெறுங்கையால் இறால் தடவுகிறவர்கள், செங்கல் சூளையிலும் மரம் வெட்டிலும் முன்பணத்துக்குக் கொத்தடிமையாகப் போய் மீட்கப்பட்டவர்கள், வடநெம்மேலியில் 1978-இலிருந்து பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்தி நாட்டுக்கே விஷமுறிவு மருந்துக்கான விஷம் தருகிறவர்கள் எல்லாம் இவர்களே. அந்தச் சங்கத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. படம் வந்த இரண்டாம் நாள், 2021 தீபாவளியன்று, முதலமைச்சர் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவருக்கும் இருளருக்கும் பட்டாவும் சாதிச் சான்றும் கொடுத்தார். ஒரு துண்டுக் காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இருளரை விட வேறு யாருக்குத் தெரியும்?

இந்தப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்துப் படிக்க வருகிற பிள்ளைகள் இருக்கிற ஒரு கல்லூரியில் சில காலம் பாடம் எடுத்தேன். சமூகப் பிரச்சினைகள் தாளுக்கு ‘ஜெய் பீம்’ பார்த்து எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, “சார், நம்ம லைப்ரரில இருக்குதா?” என்றாள். நூலகரிடம் போனேன். “புத்தகம்னா ஆர்டர் போட்டு வாங்கிடலாம் சார். இது கடையில விக்கிற பொருளாவே வரலையே, நான் எங்க போயி வாங்கி வைக்கிறது? காலேஜ் பேருல கணக்குத் தொடங்கறதுக்கும் வழி இல்ல” என்றார். அவர் மேல் தப்பு இல்லை. மறு வாரம் பிள்ளைகள் எல்லாருமே படம் பார்த்துவிட்டு வந்தார்கள். போனிலிருந்து போனுக்குத் தாவிய திருட்டுப் பிரதி. பாதியில் விளம்பரம், ஓரத்தில் சூதாட்டக் கம்பெனியின் பெயர்.

திருடாதவர்கள் மேல் திருட்டுப் பட்டம் கட்டிக் கொன்றதைச் சொல்கிற படம் அது. அந்தச் சனங்களின் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டுமென்றால், சட்டத்தின் கண்ணில் திருட்டுப் பிரதி பார்த்தவர்களாக ஆக வேண்டியிருக்கிறது. காசு இருக்கிறவன் வீட்டில் அதே படம் யோக்கியமாக ஓடுகிறது. படம் வந்த ஆறே வாரத்தில், 2021 டிசம்பரில், பிரைமின் ஆண்டுச் சந்தா 999 ரூபாயிலிருந்து 1,499 ரூபாயாக ஏறியது. மாசக் கணக்கில் பார்த்தால் பெரிய தொகை இல்லை என்பார்கள். ஒரே படத்துக்காக, வீட்டில் ஒரே ஒரு போன் இருக்கிற குடும்பம், ஏன் வருஷச் சந்தா கட்ட வேண்டும்? ஒரு புத்தகத்துக்காக நூலகம் போகிறவனை முழுக் கடையையும் வாடகைக்கு எடுக்கச் சொல்வது போல இருக்கிறது.

*

சட்டம் என்ன சொல்கிறது? நம் பக்கம்தான் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, எதெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு கல்வி நிறுவனம் தன் பணிகளின் பகுதியாகத் திரைப்படம் காட்டினால், அது மீறல் ஆகாது என்று அதில் உண்டு. ஆக, வகுப்பில் படம் காட்டலாம். காட்டுவதற்கு ஒரு பிரதி வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? ஓடிடி நிறுவனங்களின் ஒப்பந்தம் சொந்த உபயோகத்துக்கு, வீட்டோடு பார்ப்பதற்கு என்று எழுதியிருக்கிறது. நாடாளுமன்றம் திறந்துவைத்த கதவை ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று நாம் படிக்காமல் தட்டுகிற பட்டன் மூடிவிடுகிறது.

2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். லாப நோக்கமில்லாத பொது நூலகம் பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்வடிவில் சேமிக்கலாம் என்று சேர்த்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை. அந்தப் படைப்பின் மின்வடிவம் அல்லாத பிரதி ஏற்கெனவே நூலகத்தில் இருக்க வேண்டும். மின்வடிவமாக மட்டுமே பிறந்த படத்துக்கு அப்படி ஒரு பிரதியே கிடையாது. ஆகவே இந்தச் சலுகை அதைத் தொடவில்லை. அதே திருத்தத்தில் மின்பூட்டை உடைப்பதற்கு இரண்டு வருஷம் வரை சிறை என்று 65ஏ பிரிவும் வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதுதான் குற்றம், சட்டம் தடுக்காத காரியத்துக்கு விலக்கு உண்டு என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆனால் ஒரு கிராமத்துக் கல்லூரி முதல்வர் அந்த விலக்கை நம்பிப் பூட்டில் கை வைப்பாரா?

புத்தகத்துக்கு வேறு நியாயம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். சிறுபத்திரிகைக்காரன் கடன் வாங்கி அச்சடித்த கவிதைத் தொகுப்புக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். கோடிக்கணக்கில் செலவு செய்து எடுத்த படத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 

*

பிரதி இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

‘ஜெய் பீம்’ வந்ததும் ஒரு காட்சியில் தெரிந்த நாள்காட்டி பற்றிச் சர்ச்சை வந்தது. கொடுமைக்காரப் போலீஸ் அதிகாரியின் வீட்டுச் சுவரில் அக்னி கலசம் இருக்கிறது, அது எங்கள் சமூகத்தின் சின்னம் என்று வன்னியர் அமைப்புகள் எதிர்த்தன. ஓடிக்கொண்டிருந்த படத்திலேயே அந்த நாள்காட்டியை மாற்றினார்கள். மாற்றியது நியாயமா, பயமா என்று தனியாகச் சண்டை போடலாம். அந்தச் சண்டையைப் போடுவதற்கே முதல் வடிவம் வேண்டும் இல்லையா? எந்த நூலகத்திலும் எடுத்துப் பார்க்க அது கிடைக்காது. அச்சான புத்தகத்தில் ஒரு பக்கத்தை மாற்ற வேண்டுமானால் புதுப் பதிப்புப் போட வேண்டும், பழைய பதிப்பு அலமாரியில் சாட்சியாக நிற்கும். ஓடிடியில் நேற்று இருந்த பக்கம் இன்று வேறு பக்கம்.

இரண்டாவது ‘அன்னபூரணி’. 2023 டிசம்பர் 1-இல் திரையரங்கில் வந்து, அந்த மாசக் கடைசியில் நெட்ஃபிளிக்சில் ஏறியது. அக்ரகாரத்துப் பெண் கறி சமைப்பதும் சாப்பிடுவதும் இந்து மனதைப் புண்படுத்துகிறது என்று புகார் கிளம்பியது. 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் படத்தைத் தூக்கிவிட்டது. தணிக்கைக் குழு சான்று கொடுத்த படம், கோர்ட்டுத் தடை கிடையாது. ஒரு நாளில் காணாமல் போனது. கறி சாப்பிடுவது காட்டப்பட்டதற்கே இந்தக் கதி. பன்றிக்கறியும் மாட்டுக்கறியும் மையமாக இருக்கிற நம் படங்களுக்கு நாளைக்கு என்ன ஆகும்?

புத்தகத்தை எரிக்க வேண்டுமானால் வீடு வீடாகப் போய்ப் பிடுங்க வேண்டும். படத்தை எரிக்க ஓர் ஆபீசில் ஒருவர் ஒரு பட்டனைத் தட்டினால் போதும் என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம்.

*

வழி இல்லாமல் இல்லை. 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்ற மூன்று பெரிய பதிப்பகங்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின் மேல் வழக்குப் போட்டன. ராமேஸ்வரி என்ற சின்னக் கடை. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வழக்கில் இறங்கினார்கள். பதிப்புரிமை கடவுள் கொடுத்த உரிமையோ பிறவி உரிமையோ இல்லை என்று சொல்லி, 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் பதிப்பகங்களின் வழக்கைத் தள்ளியது. பாடத்துக்குத் தேவையான அளவு படியெடுப்பது சட்டப்படி சரி என்று டிசம்பரில் மேல் அமர்வும் நின்றது. புத்தகம் வாங்கக் காசில்லாத பிள்ளைகளின் ஜெராக்ஸ் கட்டுக்குக் கிடைத்த மரியாதை அது. படத்துக்கு இன்னும் அப்படி ஒரு வழக்கு வரவில்லை.

அரசாங்கம் பேரம் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை 6,300-க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் படிக்கலாம் என்று ஏற்பாடு. கல்பாக்கத்தில் 1971-இல் அணு ஆராய்ச்சி மையம் வந்தது, 1983-இல் அணுமின் நிலையத்தின் முதல் உலை ஓடத் தொடங்கியது. விஞ்ஞானிக்கு ஆய்விதழ் தேவை என்று அரசாங்கத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மதில் சுவருக்கு இந்தப் பக்கம், சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் இருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குத் தன் சனங்களைப் பற்றிய ஒரு படம் தேவை என்பதை மட்டும் ஏன் விளக்க வேண்டியிருக்கிறது?

நிறுவனங்களும் மனசு வைத்தால் முடியும். அமெரிக்கச் சிறைகளில் கறுப்பின மக்களை அடைத்து வைத்திருப்பதன் சரித்திரத்தைச் சொன்ன ஏவா டுவெர்னேயின் ‘பதின்மூன்றாவது’ என்ற ஆவணப்படத்தை 2020 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் யூடியூபில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆசிரியர்கள் கேட்டார்கள், கொடுத்தது. நம் தோழர் திவ்யபாரதி 2017-இல் ‘கக்கூஸ்’ எடுத்தபோது, திரையிடல்களைப் போலீஸ் தடுக்கத் தடுக்க, படத்தை யூடியூபில் போட்டு ஊருக்கே கொடுத்தார். ஒன்று கம்பெனி கொடுத்தது, இன்னொன்று கலைஞர் கொடுத்தது. இரண்டும் கொடை. கொடை வாங்கியே நாம் காலம் தள்ள முடியாது.

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்டவர்களைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானம். அவர் யாரிடமும் தண்ணீர் கேட்கவில்லை. கிணறு பொது என்று எழுதச் சொன்னார். கல்லூரி நூலகமும் நம் காலத்துப் பொதுக்கிணறு. கிணற்றைத் திறந்துவிட்டு, தண்ணீரைக் கேனில் அடைத்து விற்கிற வேலை இப்போது நடக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்போம். தமிழகத்தில் வெளியாகும் ஒவ்வொரு படத்துக்கும், ஓடிடியில் மட்டும் வருவதற்கும் சேர்த்து, ஒரு பிரதி பொதுக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சட்டம் வேண்டும். முதலில் வந்த வடிவம், பிறகு மாற்றிய வடிவம் இரண்டுமே அதில் இருக்க வேண்டும். 2012 திருத்தத்தில் உள்ள பிரதி நிபந்தனையை எடுக்க வேண்டும். ஆய்விதழுக்குப் பேசிய மாதிரி, கல்லூரி நூலகங்களுக்காகப் படங்களுக்கும் அரசு ஒட்டுமொத்தமாகப் பேச வேண்டும். கடைசியாக நம் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓடிடிக்கு உரிமை எழுதிக் கொடுக்கும்போது கல்வி நிறுவனங்களுக்குப் பிரதி கொடுக்கிற உரிமையை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரிதான். நம் சனங்களின் வாழ்க்கையை வைத்து எடுத்த படம் நம் பிள்ளைகள் படிக்கிற இடத்துக்குள் முறையாக நுழைய அந்த ஒரு வரி போதும்.

திரமென்ஹீரின் குறிப்பு ஒரு கம்பெனியின் சந்தாவுக்குள் இருந்து, நூறு வருஷத்தில் கம்பெனி கை மாறி, “இந்த ஆவணம் தற்போது உங்கள் பகுதியில் கிடைக்கவில்லை” என்று வந்திருந்தால், பஞ்சமி நிலம் என்ற சொல்லே நமக்குக் கிழவிகள் சொல்கிற கதையாகப் போயிருக்கும். இன்னும் நூறு வருஷம் கழித்து ஒரு இருளர் வீட்டுப் பேத்தி தன் பாட்டனை லாக்கப்பில் அடித்த சரித்திரத்தைத் தேடி வருவாள். அவள் வரும்போது அலமாரியில் அது இருக்க வேண்டும்.